ஒற்றெழுத்தில் நின்ற வீடு

ஒரு மெய்யெழுத்து ஒரு வீட்டையே நிறுத்திவைக்கும் என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால் மாவக்கா வாய்விட்டுச் சிரித்திருப்பார். இப்போது சிரிப்பு வரவில்லை. பேக்கரியில் மேடைமேல் மாவைப் போட்டாரென்றால், அதைப் பிசைகிறாரா அடிக்கிறாரா என்று பார்ப்பவர்களுக்குச் சந்தேகமாக இருந்தது.

"அக்கா, அது வெறும் மாவு. வீடு விக்கிறவங்க இல்ல," என்றார் பக்கத்தில் பன் உருட்டிக்கொண்டிருந்த பெண்.

"தெரியும். மாவுக்கு மானம் மரியாதைன்னு ஒண்ணும் கிடையாது. அதனாலதான் அதையாவது அடிக்க முடியுது."

முழங்கை வரை எப்போதும் மாவு ஒட்டியிருப்பதால் அவருக்கு மாவக்கா என்று பெயர். கணவர் லிஃப்ட் மெக்கானிக். தான் ஏற்றி இறக்காத ஆளே இந்த ஊரில் கிடையாது என்று பெருமையடித்துக்கொள்வார். அப்படிப்பட்டவர் ஒருநாள் லிஃப்டின் அடிக்குழிக்குள் தவறி விழுந்து முழங்காலை நொறுக்கிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துச் சேர்த்தார்கள். வாரந்தோறும் வந்து காலை மடக்கி நீட்டிப் பயிற்சி செய்ய வேண்டும், விட்டால் மூட்டு இறுகிவிடும், பிறகு மறுபடி அறுத்துத்தான் திறக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். ஆனால் அவர்கள் குடியிருந்தது மூன்றாவது மாடி. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.

அதனால்தான் தரைத்தளத்தில் வீடு தேடினார்கள். கிடைத்தும் விட்டது. வாசலில் இறங்கினால் தெரு. சமையலறை ஜன்னலில் வெயில். விற்பவர்கள் விவாகரத்துக்கு வழக்குப் போட்டிருந்த ஒரு கணவனும் மனைவியும். வீடு இருவர் பேரிலும் இருந்தது. விலையில் தகராறு இல்லை. வந்ததைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ள இருவரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். வங்கியும் கடனுக்குச் சம்மதம் கொடுத்தது. எல்லாரும் பத்திரம் எழுதுபவரின் அலுவலகத்தில் கூடினார்கள்.

அன்றைக்குத்தான் அது நடந்தது.

விற்கிறவர்களில் கணவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர்; மாஸ்டர் என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். மனைவி பல் டாக்டரிடம் உதவியாளர்; கிளினிக் அம்மா என்பார்கள். பத்திரம் எழுதுபவர் தாளைப் புரட்டி, "யார் முதல்ல போடுறீங்க?" என்று கேட்டார். கிளினிக் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே, "முதல்ல அவன் போடட்டும்," என்றார்.

மாஸ்டர் பேனாவை மூடினார்.

"யாரு?"

"காது கேக்கலியா?"

"அவனா? நான் அவனா?"

எழுந்து போய்விட்டார். போகிற வேகத்தில் பத்திரக்காரரின் பேனாவையும் பையில் செருகிக்கொண்டு போனார். மறுநாள் போனில் சொன்னார்: அதே அறையில், அதே ஆட்கள் முன்னால், அவள் வாயால் 'அவர்' என்று சொல்ல வேண்டும். சொன்னால் கையெழுத்து. இல்லாவிட்டால் வீடு அப்படியே கிடக்கட்டும். கிளினிக் அம்மாவுக்குத் தகவல் போனது. "உயிரே போனாலும் அந்த 'ர்' என் வாயில வராது," என்று பதில் வந்தது.

"எல்லைத் தகராறு பாத்திருக்கேன், வாரிசுத் தகராறு பாத்திருக்கேன்," என்றார் பத்திரக்காரர். "இலக்கணத் தகராறு இதுதான் முதல் தடவை."

மாவக்காவுக்கு அந்த நாளில் மறக்க முடியாதது வேறு. மெக்கானிக்கும் கையெழுத்துப் போட வேண்டியவர் என்பதால், அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து அண்டைவீட்டுக்காரர்கள் மூன்று மாடி இறக்கிக் கொண்டுபோயிருந்தார்கள். ஒன்றும் ஆகாமல் திரும்பித் தூக்கி வரும்போது இரண்டாவது மாடித் திருப்பத்தில் நாற்காலி சாய்ந்தது. மெக்கானிக் பயந்து முன்னால் இருந்தவரின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். யாரும் விழவில்லை. ஆனால் கட்டிக்கொண்ட கையை எடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. கீழ்வீட்டுக் கதவிடுக்கில் யாரோ சிரித்த சத்தம் கேட்டது. வீட்டுக்குள் வந்ததும் சொன்னார்: "இனிமே என்னை யாரும் தூக்க வேண்டாம்."

ஆஸ்பத்திரிக்குப் போவதும் அன்றோடு நின்றது. கால் நாளுக்கு நாள் கட்டை மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. வங்கியின் சம்மதம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. மறுபடி கேட்டால், வேலையில்லாதவருக்குக் கடன் இல்லை என்று சொல்லிவிடுவார்கள்.

மாவக்கா காலையும் மாலையும் சாமி கும்பிடுகிறவர். இந்த நாட்களில் கைகூப்பி நின்றால் பிரார்த்தனை பாதி வரைதான் போகும். அதற்குமேல் மாஸ்டரின் முகம் வந்து நிற்கும். 'எல்லாரும் நல்லா இருக்கணும்' என்று தொடங்கியது 'அந்த ரெண்டு பேரைத் தவிர' என்று முடிந்துவிடும். அப்படி முடிவது தப்பு என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் மாற்றிச் சொல்ல முடியவில்லை.

அன்று வேலை முடிந்ததும் ஏப்ரனைக் கழற்றி எறிந்துவிட்டு நேராக மாஸ்டரைப் பார்க்கப் போனார்.

டிரைவிங் ஸ்கூலுக்குப் பின்னால் ஒரு காலிமைதானம். காலி டிரம்களை வரிசையாக வைத்து நடுவில் கார் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவர் நடுத்தர வயதுப் பெண். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்திருந்தார். கார் தயங்கியது, துள்ளியது, ஒரு டிரம்மைத் தள்ளி உருட்டியது. மாவக்கா காதைப் பொத்திக்கொண்டார்.

மாஸ்டர் கத்தவில்லை. "ஒண்ணும் ஆகலம்மா. அடி டிரம்முக்குத்தான், உங்களுக்கில்ல. முதல்ல மூச்சு விடுங்க. ம், அவ்ளோதான். அவசரமே இல்ல. நான் பக்கத்துலதான இருக்கேன்," என்றார்.

அந்தக் குரல் எவ்வளவு இதமாக இருந்ததோ அவ்வளவு கோபம் வந்தது மாவக்காவுக்கு. இவ்வளவு நல்ல குரலை வைத்துக்கொண்டுதானா இந்த மனிதர் ஒரு வீட்டை மறித்து நிற்கிறார்?

மாஸ்டர் இறங்கி வந்தார். "வாங்கம்மா. நிழல்ல நில்லுங்க. எப்படி இருக்காரு சார்?"

"எப்படி இருப்பாரு? கட்டில்ல இருக்காரு. அவரு கால் இறுகிட்டே வருது மாஸ்டர். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா அவரு தெருவப் பாப்பாரு."

"நான் விக்கமாட்டேன்னு சொல்லலியேம்மா. விலைய ஏத்தினேனா? ஒரே ஒரு எழுத்து கேட்டேன்."

"எழுத்த வச்சு என்ன பண்ணப் போறீங்க? ஃபிரேம் போட்டு மாட்டப் போறீங்களா?"

மாஸ்டரின் முகம் சிவந்தது. "அந்தப் பத்திரம் எழுதுறவரு யாரு தெரியுமா? எங்கிட்ட வண்டி கத்துக்கிட்டவரு. இன்னைக்கும் ரோட்டுல பாத்தா வண்டிய நிறுத்திட்டு வணக்கம் சொல்லுவாரு. அவரு முன்னாடி 'அவன்'! நாளைக்குக் கோர்ட்டுல பிரிச்சு விட்டுருவாங்க. அதப் பத்தி எனக்கு ஒண்ணுமில்ல. போறவனை மனுஷனா நெனச்சு அனுப்பக்கூடாதா?"

அந்தக் கடைசி வார்த்தையில் ஒரு வலி இருந்தது. வேறு நாளாக இருந்தால் மாவக்கா அதைக் கேட்டிருப்பார். இன்று கேட்கவில்லை.

"எங்க வீட்டுக்காரரு காலுக்கு என்ன பதில்?"

"ரொம்ப வருத்தமாத்தான் இருக்கு. நீங்க போயி அவகிட்ட கேளுங்க."

"உங்க வருத்தத்தப் பிடிச்சுக்கிட்டுப் படி இறங்க முடியாது மாஸ்டர்!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு காரின் பக்கம் திரும்பி, "வாங்கம்மா, ரிவர்ஸ் பாக்கலாம். பின்னாடி நல்லாப் பாத்துட்டு எடுங்க," என்றார், அதே இதமான குரலில்.

பல் கிளினிக் இரண்டு தெரு தள்ளி. மாவக்கா போகும்போது உள்ளே ஒரு முதியவர் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு கண்ணை இறுக மூடியிருந்தார். கிளினிக் அம்மா அவர் தோளில் ஒரு கையை வைத்திருந்தார். "இன்னும் கொஞ்சம் திறங்கய்யா. சிங்கம் மாதிரி. ஆங், இதுதான் சிங்கம். இதோ முடியப் போகுது. வலிச்சா கையத் தூக்குங்க, நான் டாக்டரையே நிறுத்திடுறேன்." முதியவர் வாய்க்குள் பஞ்சை வைத்துக்கொண்டே சிரித்தார்.

'இங்கேயும் தேன்,' என்று மாவக்கா பல்லைக் கடித்தார். ஊருக்கெல்லாம் தேனை ஊற்றிவிட்டு ஒருவருக்கொருவர் மட்டும் காலி டப்பாவைக் காட்டுகிறார்கள்.

கருவிகளைக் கழுவும் பின்னறையில் அவரைப் பிடித்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"ஒரு 'ர்' சொன்னா உங்க வாயிலேர்ந்து பல்லு கொட்டிருமா?"

கிளினிக் அம்மா கையுறையைக் கழற்றாமலே திரும்பினார். "அவன்தான் அனுப்பினானா?"

"யாரும் அனுப்பல. எங்க வீட்டுல அவரு என்னை 'வாடி'ம்பாரு. நான் 'போடா'ம்பேன். இதுவரைக்கும் யாருக்கும் ஒரு கிலோ கொறையல. நீங்க ரெண்டு பேரும் ஒரு எழுத்த வச்சுக்கிட்டு ஒரு மனுஷன் கால முடமாக்குறீங்க!"

"உங்க வீட்டுல அது ரெண்டு பக்கமும் போற ரோடுங்க. எங்க வீட்டுல ஒருவழிப் பாதை."

"அப்படின்னா?"

அவர் குழாயைத் திறந்து கருவிகளைக் கழுவத் தொடங்கினார். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினார். "ஒரு 'அவன்' சொன்னதுக்கு வீட்ட நிறுத்திட்டான். என்னை அவன் 'அவ'ன்னு சொல்லியிருந்தாக்கூட நான் சந்தோஷப்பட்டிருப்பேன். அவனுக்கு நான் 'அது'. 'அது சமைக்குது.' 'அது தூங்குது.' சில வீட்டுல ஆசையா அப்படிச் சொல்லுவாங்க, எனக்கும் தெரியும். இது ஆசை இல்லைங்க. ஸ்டூல சொல்ற மாதிரி. எங்கம்மா செத்த அன்னைக்கு ஸ்கூலுக்குப் போன் பண்றான். நான் பக்கத்துலதான் உக்காந்திருக்கேன். 'இன்னைக்கு வண்டி எடுக்க முடியாது, வீட்டுல அது அழுதுட்டு இருக்கு'ங்கிறான்."

குழாயை மூடினார்.

"அழுதுட்டு இருந்தது நானுங்க. குழாய் ஒழுகுதுன்னு சொல்ற மாதிரி சொன்னான். நான் எந்த வீட்டையாவது நிறுத்தினேனா?"

மாவக்கா வாசல் பக்கம் திரும்பினார். அடுக்கி வைத்திருந்த கோபம் கையிலேயே இருந்தது. எறிய இடமில்லாமல் போயிற்று. அது இன்னும் மோசம். வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றார். இப்போது யார்மேல் கோபப்படுவது? மாஸ்டர்மேல். அவர் நடத்தையின்மேல். ஆனால் இந்த அம்மாவும் கதவை மூடிக்கொண்டுதானே நிற்கிறார்? இருவருக்கும் வலி இருந்தது. அந்த வலி இவர் வீட்டு மூன்றாவது மாடியில் ஒரு கட்டிலில் அல்லவா படுத்துக்கிடக்கிறது?

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பை ஒரு மூலைக்கும் பையை ஒரு மூலைக்கும் எறிந்தார்.

"வேணாம். எவன் வீடும் வேணாம். எவ வீடும் வேணாம். நாம இங்கயே கெடந்து சாவோம்."

மெக்கானிக் கட்டிலில் சாய்ந்திருந்தார். கால் தலையணைமேல் நீண்டு கிடந்தது. "மாஸ்டரத் திட்டிட்டியா?"

"திட்டிட்டேன்."

"அந்த அம்மாவ?"

"திட்டப் போயி, திட்டு வாங்கிட்டு வந்தேன்."

"ஆண்டவன?"

"அவனத்தான் காலையிலயே திட்டிட்டேனே."

"பாத்தியா," என்று மெக்கானிக் சிரித்தார். "அவனுக்கும் 'ன்'தான் போடுற. பொறந்ததுலேர்ந்து நீ வா, நீ தா, நீ பாத்துக்கோன்னு அவன்கிட்ட அப்படித்தான் பேசுற. கோச்சுக்கிட்டு அவன் பேனாவ எடுத்துட்டா போயிட்டான்?"

மாவக்கா சிரிக்கக்கூடாது என்று உறுதியாக இருந்தார். முடியவில்லை. சிரிப்பு அழுகையாகி, கட்டிலோரம் உட்கார்ந்து அழுது தீர்த்தார். பிறகு கிளினிக் அம்மா சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். மெக்கானிக் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"பாவம்," என்றார் கடைசியில்.

"யாரு?"

"ரெண்டு பேரும்தான்."

"உனக்கு எல்லாரும் பாவம்! உன் கால் பாவமில்லியா?"

அவர் காலுக்கடியில் தலையணையைச் சரிசெய்துகொண்டார். மாதக் கடைசி வந்தது. பத்திரக்காரர் போன் செய்தார்: பேரம் முறிந்தது என்றால் அதையும் எழுதி நான்கு பேரும் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் வீட்டை வேறு யாருக்கும் விற்க முடியாது என்று விற்பவர்களிடம் சொல்லியிருக்கிறேன், அதற்காக இருவரும் வருகிறார்கள், நீங்களும் வந்துவிடுங்கள். வீட்டுப் பத்திரம், முறிவுப் பத்திரம் இரண்டையும் மேசையில் வைத்திருப்பேன், கடவுள் விட்ட வழி.

"நீ வர வேணாம்," என்றார் மாவக்கா. "பத்திரக்காரர இங்க வரச் சொல்லி உன் கையெழுத்த வாங்கிக்கலாம்."

"நான் வர்றேன். முறிக்கிறதுக்கா இருந்தாலும் நேர்ல வந்து முறிச்சுட்டுப் போறேன்."

"எப்படி வருவ? தூக்கக்கூடாதுன்னு சொன்ன."

"யார் தூக்கச் சொன்னா?"

மெக்கானிக் முதல் படியில் உட்கார்ந்தார். இறுகிய காலை முன்னால் நீட்டிக்கொண்டார். இரு கைகளையும் பக்கத்தில் ஊன்றி, உடம்பை எழுப்பி, அடுத்த படியில் இறக்கி வைத்தார். மறுபடி ஊன்றினார். இறக்கினார். கதவுகள் திறந்தன. எதிர்வீட்டுக்காரர் நாற்காலியோடு ஓடிவந்தார்.

"வேணாம்யா. போன தடவ உங்க கழுத்த நெரிச்சது போதும்."

"என் கழுத்துதானே சார், நெரிச்சுக்கங்க," என்றார் அவர். ஆனால் மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியைச் சுவரோரம் வைத்தார்.

இரண்டாவது மாடி அம்மாள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். உள்ளே போய்த் துடைப்பத்தை எடுத்துவந்து, மெக்கானிக் இறங்கப்போகும் படிகளை அவருக்கு முன்னால் ஒவ்வொன்றாகப் பெருக்கிக்கொண்டே இறங்கினார். தெருவாசல் வரை பெருக்கினார். பிறகு துடைப்பத்தை உதறிவிட்டு மேலே ஏறிப் போய்விட்டார். மாவக்கா பல நாட்களில் முதல்முறையாக மனசுக்குள் ஒரு பிரார்த்தனையை முழுதாகச் சொல்லி முடித்தார். அது அந்த அம்மாளுக்காக.

ஆனால் பத்திர அலுவலகத்துக்குள் நுழைந்ததும் கோபம் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. மாஸ்டர் ஒரு மூலையில் சுவரைப் பார்த்தபடி. கிளினிக் அம்மா எதிர்மூலையில் ஜன்னலைப் பார்த்தபடி. நடுவில் மேசை, மேசைமேல் இரண்டு தாள்கட்டுகள். மெக்கானிக் ஊன்றுகோலை அக்குளில் வைத்துக்கொண்டு, கதவு நிலையைப் பிடித்து நொண்டி நொண்டி வந்தார். கால்சட்டையின் பின்புறம் தேய்ந்து வெளுத்திருந்தது. உள்ளங்கை சிவந்திருந்தது. உட்கார்ந்த பிறகும் கால் தானாக நடுங்கிக்கொண்டிருந்தது.

கிளினிக் அம்மா அந்தக் காலைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணை எடுக்க முடியாமல் இருந்தார்.

பத்திரக்காரர் தொண்டையைக் கனைத்தார். "கடைசியா ஒரு தடவ கேக்குறேன். பத்திரத்துல ரெண்டு பேருக்கும் 'அவர்கள்'னுதான் போட்டிருக்கேன். கொலை பண்ணவருக்கும் நாங்க அப்படித்தான் போடுவோம். அந்த எழுத்து போதாதா மாஸ்டர்?"

"எழுத்துல வேணாம்," என்றார் மாஸ்டர் சுவரிடம். "வாயால வரணும்."

"வராது," என்றார் கிளினிக் அம்மா ஜன்னலிடம்.

"அப்ப முறிச்சுடுங்க."

மாவக்கா எழுந்தார். மேசையில் ஓங்கி அடித்தார். மாவு பிசைகிற கை என்பதால் தாள்கட்டுகள் இரண்டும் எகிறின.

"முறிங்க! நல்லா முறிங்க! ஒரு மனுஷன் மூணு மாடிய உக்காந்து உக்காந்து இறங்கி வந்திருக்காரு. குழந்தை மாதிரி. எதுக்கு? உங்க 'ர்' வருதா வரலையான்னு பாக்க! மாஸ்டர், யாரோ டிரம்ம இடிச்சா 'மூச்சு விடுங்கம்மா'ங்கிறீங்களே, அந்த வாய் வீட்டுக்கு வரும்போது எங்க போச்சு? அவங்க உங்கள 'அவன்'னு சொன்னாங்க. தப்புதான். ஆனா ஆளாவது வச்சாங்க! நீங்க? அவங்க அம்மா செத்து அவங்க அழுதப்போ 'அது அழுதுட்டு இருக்கு'ன்னீங்களே! உங்களுக்கு 'அவர்' வேணும், அவங்களுக்கு 'அவ'கூடக் கிடையாதா?"

மாஸ்டர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். அவர் முகத்தில் இருந்தது நடிப்பு இல்லை, உண்மையான அதிர்ச்சி. பத்திரக்காரரைப் பார்த்தார், மெக்கானிக்கைப் பார்த்தார், கையை விரித்தார்.

"நானா? நான் எப்பங்க அப்படிச் சொன்னேன்? அபாண்டம்! அது பொய் சொல்லுதுங்க!"

பத்திரக்காரர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

சொன்னது மற்ற எல்லார் காதிலும் விழுந்த பிறகுதான் அவர் காதில் விழுந்தது. விரித்த கை அப்படியே நின்றது. வாய் திறந்தபடி இருந்தது. அவர் கிளினிக் அம்மாவை நோக்கித் திரும்பினார். வெகுநாளைக்குப் பிறகு அவரை நேருக்கு நேர் பார்த்தது அப்போதுதான். எத்தனை வருடம் இப்படிச் சொல்லியிருக்கிறோம் என்று அவர் எண்ணத் தொடங்கியது முகத்திலேயே தெரிந்தது.

பத்திரக்காரர் மேசை டிராயருக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார். மாவக்கா, வாகாகக் கிடைத்த இடத்தில் இன்னொரு அடி அடிக்க வாயைத் திறந்தார். மெக்கானிக் அவர் புடவை நுனியைப் பிடித்து இழுத்தார்.

"விடு. சார், உக்காருங்க. நாக்குக்கு யாரும் பிரேக் வச்சு அனுப்புறதில்ல. எல்லாருக்கும் அப்பப்ப டிரம் இடிக்கும். மூச்சு விடுங்க முதல்ல."

மாஸ்டர் உட்கார்ந்தார். மூச்சுவிட்டார்.

இப்போது எல்லாரும் கிளினிக் அம்மாவைப் பார்த்தார்கள். அவர் கைதட்டிச் சிரித்திருக்கலாம். பாத்தீங்களா, கேட்டீங்களா என்று கூத்தாடியிருக்கலாம். அதற்கு அவருக்கு முழு உரிமையும் இருந்தது. ஆனால் அவர் பார்வை இன்னும் நடுங்குகிற அந்தக் காலின்மேல்தான் இருந்தது. வலியைப் பார்த்துப் பழகிய கண். எவ்வளவு வலி என்று அதற்குத் தெரியும். அவர் கண்ணில் நீர் இருந்தது, கோபமும் இருந்தது. இரண்டில் எதுவும் மற்றதற்கு இடம்விடவில்லை.

பத்திரக்காரரிடம், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "இவரு ரொம்ப நேரம் காலத் தொங்கவிட்டு உக்காரக்கூடாது. சீக்கிரம் ஆகட்டும். அவரு போட்டா நானும் போட்டுடுறேன்."

'அவரு.' துப்புவது மாதிரித்தான் வந்தது. ஆனாலும் வந்தது.

கேட்டது கிடைத்துவிட்டது. மாஸ்டர் முகத்தில் அதற்கான மகிழ்ச்சி எதுவும் இல்லை. யாரோ ஒருவரின் காலுக்காகப் போடப்பட்ட பிச்சையில் தனக்கும் ஒரு துளி விழுந்திருக்கிறது என்று அவருக்குப் புரிந்திருந்தது. எழுந்து வந்து, நின்றபடியே, பத்திரக்காரர் காட்டிய இடங்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டார். கடைசித் தாள் முடிந்ததும் பேனாவைத் திருப்பி, பிடிக்கிற முனை மனைவியின் பக்கம் இருக்கும்படி நீட்டினார்.

"இந்தா," என்றார்.

கை நீட்டியபடியே இருந்தது. 

"...ங்க," என்றார், தனியாக, விக்கல் மாதிரி.

யாரும் சிரிக்கவில்லை. கிளினிக் அம்மா அவர் முகத்தைப் பார்க்காமல் பேனாவை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர்கள் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை. மாஸ்டர் முன்னால் போய்விட்டார். அவர்கள் சேர்ந்து வாழப் போவதில்லை. அதற்கான காலம் எப்போதோ கடந்திருந்தது. ஆனால் மனிதராக மதித்துப் பிரிகிறவர்களுக்கும் தள்ளிவிட்டுப் பிரிகிறவர்களுக்கும் வித்தியாசம் உண்டு. அந்த வித்தியாசத்தை அளக்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்று மாவக்கா நம்புகிறவர்.

வாசலில் கிளினிக் அம்மாவை எட்டிப் பிடித்து, கையைப் பற்றி, "ரொம்ப நன்றிம்மா," என்றார்.

அவர் கையை உருவிக்கொண்டார். "நன்றி சொல்லாதீங்க. எனக்கு உங்க மேலயும் கோபம்தான். கழுவுற ரூம்ல நான் உங்ககிட்ட அழுதேன். அத எடுத்துட்டு வந்து சபையில போட்டு உடைச்சுட்டீங்க."

மாவக்காவின் முகம் வாடிவிட்டது. அது உண்மை. கோபத்தில் கையில் கிடைத்ததை எறிந்தார்; அது யாருடைய பொருள் என்று பார்க்கவில்லை. "தப்புதாம்மா. மன்னிச்சிருங்க."

கிளினிக் அம்மா இரண்டடி நடந்தார். நின்றார். திரும்பாமலே சொன்னார்: "குளிக்கிற ரூம் வாசல்ல ஒரு கல்லு உசந்து இருக்கும். அவருக்குக் கால் தட்டும். சாய்வா ஒரு பலகை அடிச்சுக்கங்க. உள்ள வலது பக்கச் சுவர்ல கம்பி போட்டா தாங்கும். இடது பக்கம் போடாதீங்க, அந்தச் சுவர் ஊறிப்போயிருக்கு."

போய்விட்டார்.

மாவக்கா உள்ளே வந்தார். மெக்கானிக் இன்னும் நாற்காலியில் இருந்தார், கையைத் தடவிவிட்டுக்கொண்டு.

"ஏன்டா, இப்ப மறுபடி மூணு மாடி ஏறணுமே?"

"ஏறணும்டி. பின்பக்கமாத்தான். சாவி வர்ற வரைக்கும் இன்னும் கொஞ்ச நாள் இப்படித்தான்." ஊன்றுகோலைக் கேட்டுக் கை நீட்டினார். அதைப் பற்றிக்கொண்டே சொன்னார்: "ஆஸ்பத்திரிக்குப் போன் போடு. நாளைக்குக் கால மடக்க வர்றேன்னு சொல்லு."

"யாரு தூக்குவாங்க?"

"யாரும் வேணாம். இன்னைக்கு இறங்கின மாதிரிதான். கொஞ்சம் சீக்கிரமாக் கெளம்பணும், அவ்ளோதான்."

மாவக்கா போனை எடுத்தார். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டிருக்கும்போது, அவர் அறியாமலே, மாஸ்டருக்கும் சேர்த்து வாய் ஒரு பிரார்த்தனையை முணுமுணுத்தது. கோபம் முழுதாகப் போகவில்லை. அதனால் வேண்டுதல் கொஞ்சம் கறாராகவே இருந்தது.